தூள் போட முன் எடுத்து வைக்கும் கறி

ரேடியேஷன் முடிந்ததோடு வருத்தமும் முடிந்துவிட்டது என்றுதான் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் நினைத்தார்கள். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் என் கணவருக்குக் கடைசித் தடவை கதிர் பாய்ச்சிய அன்று இரவு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் மேல் போன். "இனி என்ன, நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்த வேண்டியதுதானே" என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஆனால் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்திவைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தார்: கதிர் நின்ற பிறகும் அதன் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும், முடிந்து ஒன்றிரண்டு கிழமைக்குள்தான் வாய்ப்புண் உச்சத்துக்கு வரும், அதன் பிறகே மெல்ல மெல்ல ஆறத் தொடங்கும். இது தெரிந்திருந்தபடியால், வீட்டுக்கு வந்து புண் இன்னும் மோசமானபோது நோய் திரும்பிவிட்டதோ என்று நாங்கள் கலங்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் "எங்கட இவருக்கு அடுத்த கிழமை முடியுது" என்று சொன்னால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இவருக்கு வந்தது நாக்குப் புற்றுநோய். இடது ஓரத்தில் ஆறாத ஒரு புண். சத்திரசிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, முன்னங்கையிலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். இடப்பக்கக் கழுத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அப்புறம் ரேடியேஷன், அதோடு கிழமைக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கும் இந்த ரேடியேஷன் வழமையாக 30 முதல் 33 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, 6 முதல் 7 கிழமை வரை போகும். வெள்ளவத்தையில் இருக்கிற எங்களுக்கு மஹரகம தூரமில்லை. மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருந்து செய்தவர்களைப் பார்த்தபோது, இரவு நம் வீட்டுப் படுக்கையில் வந்து படுப்பதே எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரிந்தது.

சிகிச்சை பற்றி டொக்டர்மார் வடிவாக விளங்கப்படுத்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு குசினியில், சாப்பாட்டு மேசையில், பிள்ளைகளோடு, வருகிற விருந்தாளிகளோடு என்ன செய்வது என்பதை நாங்களாகத்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாய்க்குள் வந்த நோய் என்றால் வீடு முழுவதும் அந்த வாயைச் சுற்றித்தான் சுழலும். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதல் சில கிழமைகள் மூக்கு வழியாகப் போட்ட குழாயோடுதான் இருந்தார். வாட்டில் தாதி எனக்குக் காட்டித் தந்தவை இன்றும் மனப்பாடம். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். குழாயில் மூக்கடியில் போட்டிருக்கும் அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கவிட வேண்டும். தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். கொடுத்த பிறகு அரை மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. இருமினாலோ மூச்சு வாங்கினாலோ அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். குளிசைகளை எல்லாம் இடித்துக் கரைத்து விடலாம் என்று நினைக்காதீர்கள். சிலதை இடிக்கவே கூடாது. மருந்து தருகிற இடத்தில் ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள்.

வாய் கொப்பளிப்பதற்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுக் கலக்கி வைப்போம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சாப்பிட முன்னும் பின்னும், இரவில் எழும்பினால் அப்போதும், ஒரு வாய் எடுத்து அலசித் துப்புவார். அந்த நாட்களில் எச்சில் பசை மாதிரித் தடித்துத் தொண்டையில் நிற்கும். அதைக் கொஞ்சமாவது இளக வைத்தது இந்தத் தண்ணீர்தான். கடையில் விற்கிற எரிவான மவுத்வாஷ் பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள அல்ககோல் வாயை இன்னும் காய வைக்கும். நாக்கிலோ கன்னத்திலோ துடைத்தால் வருகிற வெள்ளைப் படை கண்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டொக்டரிடம் காட்டினால் சொட்டு மருந்து தருவார்கள், சில நாளில் நோவு குறையும்.

இனிக் குசினிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கறி என்றால் யாழ்ப்பாணத்து வறுத்த தூள்தான். மாமி அதைச் சாவகச்சேரியிலிருந்து வரவழைப்பார். சிவப்பு எண்ணெய் மிதக்காத மீன்குழம்பை இவர் கலியாணத்துக்குப் பிறகு கண்டதே இல்லை. அப்படிப்பட்டவருக்கு மிளகு ஒரு துணிக்கை பட்டாலே கண்ணீர் வந்தது. தேசிக்காய்ப் புளி, பழப்புளி, தக்காளி எல்லாமே நெருப்பு. அவருக்கு வேறாகச் சமைப்பது என்றால் இரண்டு அடுப்பு, இரண்டு சமையல், அதைவிட மேலாக "இது அப்பாவின் சாப்பாடு" என்று ஒரு தனிக் கோப்பை. அந்தத் தனிக் கோப்பைதான் இவரை ஆக வருத்தியது என்று எனக்கு விளங்கிய பிறகு சமைக்கிற முறையையே மாற்றினேன்.

வெங்காயத்தை வாட்டி, மீனையோ பூசணிக்காயையோ போட்டு, உப்பு, மஞ்சள், கொஞ்ச வெந்தயம், தேங்காய்ப்பால் விட்டு அவியவிடுவேன். அவிந்ததும் இவருக்கு வேண்டியதை ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைத்துவிடுவேன். பிறகுதான் மிச்சத்துக்குத் தூளும் புளியும். மேசைக்கு வரும்போது எல்லோருக்கும் அன்றைக்குப் பாரை மீன் என்றால் இவருக்கும் பாரை மீன். "இண்டைக்கு என்ன கறி?" என்று மகன் கேட்டால் ஒரே பதில்தான். பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, கணவாய் தவிர்ந்த மீன்கள் எல்லாவற்றுக்கும் இது சரிவந்தது. கணவாயையும் இறாலையும் மெல்லவே முடியாது, அதை நாங்களும் கொஞ்ச காலம் விட்டோம்.

உறைப்பைவிட நீண்ட நாள் கஷ்டம் தருவது வறட்சி. கதிர் பட்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழைய மாதிரிச் சுரப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பிட்டு தொண்டையில் நின்றுவிடும். பாண் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இடியப்பம் கைகொடுத்தது. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு இடியப்பத்தைக் கோப்பையில் உதிர்த்து, பச்சை மிளகாயும் தேசிக்காயும் சேர்க்காத வெள்ளைச் சொதியை மிதக்க மிதக்க ஊற்றி, மூடி வைத்து ஊறவிட வேண்டும். ஆறிய பிறகு கரண்டியால் வலப்பக்கமாக எடுத்துச் சாப்பிடுவார். இடப்பக்கத்தில் வைத்துத் தைத்த தோலுக்கு உணர்ச்சி இல்லை. சூடு தெரியாது, ஒரு பருக்கை அங்கே ஒதுங்கிக் கிடந்தாலும் தெரியாது. அதனால் சூட்டை முதலில் உதட்டில் வைத்துப் பார்ப்பார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துக்கொண்டு கன்னத்துக்கும் பல்முரசுக்கும் இடையில் ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கண்ணாடி இப்போது உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மேசையிலேயே இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கொஞ்சம் சாப்பிட்டாலும் சத்து இருக்க வேண்டும் என்பதுதான் போசணை ஆலோசகர் எங்களுக்குச் சொன்னதின் சாரம். சாப்பாட்டின் அளவைக் கூட்ட முடியாது, அதனால் அதற்குள் இருப்பதைக் கூட்ட வேண்டும். கஞ்சியில் பால்மாவும் ஒரு கரண்டி பட்டரும். உழுத்தங்களியில் நல்லெண்ணெய். அவகாடோவைப் பாலும் சீனியும் விட்டு அடித்தால் ஒரு கிளாசில் நல்ல சக்தி இருக்கிறது. முட்டையைப் பாலோடு ஆவியில் அவித்த கஸ்டர்ட், வாசனைச் சரக்குப் போடாத வட்டிலப்பம், பாலில் குழைத்த சமபோஷச் சத்துமா, யோகட். கோழிக்கூட்டு வாழைப்பழம் சரி, புளிக்கிற கதலி வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறினால் அதை வெறும் இருமல் என்று விட்டுவிடக் கூடாது. பேச்சுச் சிகிச்சையாளர்தான் விழுங்குவதையும் பார்ப்பவர். நாடியைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்லி, எவ்வளவு தடிப்பில் குடிக்க வேண்டும் என்று அவர்தான் காட்டித் தந்தார்.

இனி மிகவும் மனத்தாங்கல் தந்த விசயம். இவர் சாப்பிட உட்கார்ந்தால் எல்லோர் கண்ணும் கோப்பையில். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு ராசா" என்று மாமி. "அப்பா, டொக்டர் சொன்னவர் எல்லோ" என்று மகள். பார்க்க வந்தவர்களும் அதையே சொல்வார்கள். அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் நோவு, ருசியும் இல்லை, வாய்க்குள் மண் மாதிரி இருக்கிறது என்று சொல்கிற மனிதருக்கு அது சாப்பாடாக இல்லை, பரீட்சையாக இருந்தது. ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீர் என்னைப் பாக்காமல் உம்மட சாப்பாட்டைச் சாப்பிடும். எனக்கு அது போதும்." அன்றிலிருந்து வீட்டில் ஒரு தீர்மானம். மேசையில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கிரிக்கெட், மகனின் பள்ளிக்கூடம், மின்சார பில், எதையும் பேசலாம். அதற்குப் பதிலாக ஒரு தராசு வாங்கினோம். ஞாயிறு காலை, எழும்பி, ஒன்றும் குடிக்க முன், அதே சாரத்தோடு ஏறி நிற்பார். மகன் அதை ஒரு கொப்பியில் எழுதுவான். நிறை இறங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் போசணை ஆலோசகரைப் பார்ப்போம். நின்றால், ஏறினால், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீட்டில் சண்டை இல்லாமல் சாப்பிடத் தொடங்கியது இந்தக் கொப்பி வந்த பிறகுதான். பார்க்க வருகிறவர்களுக்கும் நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன், "சாப்பாட்டைப் பற்றிக் கேக்காதேங்கோ, மற்றதெல்லாம் கதையுங்கோ" என்று. ஒருவரும் கோபிக்கவில்லை.

ருசி திரும்புவதற்கு மாதக்கணக்காகும். சிலருக்கு ஒரு வருடம் வரை போகலாம். இவருக்கு முதலில் உப்பு தெரிந்தது. இனிப்பு கனகாலம் கழித்துத்தான் வந்தது, வந்த அன்று தேத்தண்ணிக்கு இரண்டாம் தரம் சீனி கேட்டார். மாமி கொடுத்துக்கொண்டே அழுதார்.

பேச்சு. நாக்கின் ஒரு பகுதி போனதால் த, ட, ல, ர எல்லாம் குழம்பும். வீட்டில் எங்களுக்கு விளங்கியது. போனில் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் இடம் சொன்னால் அவர் திரும்பிப் பார்த்து என்னிடம் கேட்பார். அப்போது நான் பதில் சொல்லிவிட்டால் வேலை கெதியாக முடியும். ஆனால் பேச்சுச் சிகிச்சையாளர் வேறு மாதிரிச் சொன்னார்: அவருடைய வசனத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், விளங்காவிட்டால் "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்று நேரே சொல்லுங்கள், விளங்கினது போலத் தலையாட்டாதீர்கள். அப்படியே செய்தோம். மெதுவாக, சின்னச் சின்ன வசனமாக, ஆளின் முகம் பார்த்துப் பேசப் பழகினார். தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், மகன் கேட்டுக்கொண்டிருப்பான். ஓட்டோவுக்கு ஆப்பில் இடத்தைப் போட்டுவிடுவார். போனுக்குப் பதில் பெரும்பாலும் வாட்ஸ்அப் எழுத்து. சத்தம் நிறைந்த இடத்தில் மட்டும் நான் பேசுவேன், அதுவும் அவர் கண்ணைக் காட்டினால்.

உடம்பில் மற்ற இடங்களும் இருக்கின்றன. பலர் இதைக் கவனிக்காமல் விடுவதால் எழுதுகிறேன்.

தாடை இறுகும். கதிர் பட்ட தசைகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குவதால், நோவு குறைந்து ஆள் தேறிவிட்டார் என்று நாம் நினைக்கிற காலத்தில்தான் வாய் திறப்பது குறையும். தன் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையில் நுழைக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய வழி. வாய் 35 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் திறந்தால் அதைத் தாடை இறுக்கம் என்று கணக்கெடுக்கிறார்கள். இவருக்குக் கற்றுக்கொடுத்தது ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, ரப்பர் பாண்ட் போட்டு, பற்களுக்கு இடையில் வைத்துப் பிடித்திருப்பது. நாளுக்குப் பல தடவை. பழகப் பழக ஒரு குச்சி கூடும். இவர் இதைச் செய்திகள் பார்க்கும் நேரத்தில் செய்வார், அதனால் ஒருநாளும் மறப்பதில்லை.

கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் பக்கத் தோள் தூக்கக் கஷ்டம். அலுமாரியின் மேல்தட்டுச் சாமானை எல்லாம் இடுப்பளவுக்கு இறக்கி வைத்தோம். ஆனால் பிசியோதெரபி சொன்ன பயிற்சியை விடவில்லை. காலையில் நாடிக்குக் கீழே வீங்கியிருக்கும். தலையை உயர்த்திப் படுத்தால் குறைவாக இருக்கும். கழுத்துத் தோலில் வெயில் படக் கூடாது. சவரத்துக்கு பிளேட்டை விட்டு மின்சார ஷேவர்.

பல். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது, அது வருடங்கள் கழிந்தும் போகாது. எங்களுக்கு இதைக் கதிர் தொடங்க முன்னரே வோட் பிளேசில் உள்ள பல் வைத்தியசாலையில் சொல்லி, சொத்தைப் பற்களை அப்போதே எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் பல் குத்து தாங்காமல் வீட்டுக்குக் கிட்ட ஓர் இடத்துக்குப் போனபோது, வாயைப் பார்த்ததும் பிடுங்கத்தான் ஆயத்தம் செய்தார்கள். இவர் கையைத் தடுத்து, சட்டைப்பையிலிருந்த கிளினிக் அட்டையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் நோவுக்கு மருந்து மட்டும் கொடுத்து, சிகிச்சை செய்த இடத்துக்கே போகச் சொன்னார்கள். அந்த அட்டையின் ஒரு பிரதி இப்போது என் கைப்பையிலும் மகளின் போனிலும் இருக்கிறது. புளோரைட் கூடிய பற்பசை தினமும். எச்சில் இல்லாத வாயில் சொத்தை மிகக் கெதியாக வரும்.

தைரோயிட். இது எனக்கே ஆச்சரியம். கொழும்பு வெக்கையில் இவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்துக்கொண்டு இருந்தார். பகலிலும் நித்திரை, முகம் ஊதினமாதிரி, எதிலும் மனமில்லை. மனச்சோர்வு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது தைரோயிட் குறைந்திருந்தது. கழுத்தில் கதிர் பட்டவர்களுக்கு இது வரக்கூடும், அதனால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைரோயிட் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. சில கிழமைகளில் ஆள் எழும்பிவிட்டார். உண்மையான மனச்சோர்வும் வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் 1926. அவசர அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. கீமோ நடக்கிற காலத்தில் காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிஸ்பிளாட்டின் காதையும் கொஞ்சம் தொடும், கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் குறையும். குக்கர் விசில் இவருக்குக் கேட்பதில்லை. நான் கூப்பிட்டும் திரும்பாவிட்டால் அது கோபம் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தேன்.

மகளுக்கு அந்த வருடம் உயர்தரப் பரீட்சை. அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் எங்கள் முகத்தைப் பார்த்தே மோசமாக யோசிப்பாள். ஆனால் அவளுக்கு வேலை ஒன்றுதான்: கிளினிக்கில் டொக்டர் சொல்வதை எழுதுவது. அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். எங்களுக்குக் கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம், பதிலை அவள் பக்கத்திலேயே எழுதுவாள். பரீட்சைக் காலத்தில் அதை என் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். மகனுக்கு வேலை தராசுக் கொப்பி. எட்டாம் வகுப்புப் பொடியன், ஏதாவது செய்யக் கிடைத்தால்தான் அவனுக்குப் பயம் குறையும்.

வருகிறவர்கள் மருந்தும் கொண்டு வருவார்கள். "கட்டு அனோதா இலையை அவிச்சுக் குடுங்கோ பிள்ளை, எல்லாம் கரைஞ்சு போகும்" என்று ஒரு அன்ரி பை நிறைய முள்சீத்தா இலை கொண்டுவந்தார். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரத்தின் இலையோ பழமோ மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்தச் சிகிச்சைப் பரிசோதனையும் காட்டவில்லை. கரீபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவில் அதை நீண்டகாலம் அதிகமாக எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புப் பாதிப்பு இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் வேறு சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து, அதன் மேல் தெரியாத கஷாயத்தைச் சேர்ப்பது ஆபத்து. இதையெல்லாம் வீட்டுக்கு வந்தவரோடு வாதாடத் தேவையில்லை. "டொக்டரிட்டக் கேட்டுட்டுக் குடுக்கிறன் அன்ரி" என்று வாங்கி வைப்பேன். பிறகு அவர்களிடம் எனக்கு வேண்டிய உதவியைக் கேட்பேன்: ஒரு பின்னேரம் இவரோடு இருங்கள், நான் சந்தைக்குப் போய்வருகிறேன். அந்த அன்ரி இன்றும் வியாழக்கிழமைகளில் வருகிறார்.

நான் தூங்க வேண்டும் என்பதும் வீட்டு வேலைகளில் ஒன்று. இரவுகளை நானும் தங்கச்சியும் பிரித்துக்கொண்டோம். அவள் வருகிற இரவில் நான் மற்ற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினோம். சிகிச்சைக் களைப்புக்குப் படுத்திருப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் பக்கத்து ஒழுங்கை முனை வரை, பிறகு கடற்கரை, பிறகு பம்பலப்பிட்டிப் பக்கம். கையில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் இவர் எங்கேயும் போவதில்லை.

இவர் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுபவர். முதலாளி கிழமைக்கு மூன்று நாள் வரச் சொன்னார். மத்தியானச் சோற்றுப் பார்சல் சரிவராது என்பதால் பிளாஸ்கில் கஞ்சியும் ஒரு டப்பாவில் மசித்த சோறும் கொண்டு போகிறார். மற்றவர்களுக்கு முன்னால் சாப்பிடுவதுதான் இன்னும் கூச்சம், ஒரு பக்கத்தால் வழியும். சரஸ்வதி மண்டபத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது நாங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டே போனோம். பந்தியில் பாயசம் மட்டும் குடித்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு நிறையக் கதைத்தார்.

கிளினிக் முதல் வருடத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி கூடும். திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் என்பதால் அந்தத் திகதிகளை எதற்காகவும் தள்ளிப்போடுவதில்லை. புதிதாகக் கழுத்தில் கட்டி, ஆறாத புண், காதுக்குள் நோவு, குரல் மாற்றம் என்றால் திகதிக்குக் காத்திருக்காமல் போவோம்.

கடைசியாக வெற்றிலை. இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். கடையில் கூட இருப்பவர்களோடு சேர்ந்து இவர் வருடக்கணக்காகப் பாக்கு போட்டவர். புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றுமில்லை என்று நம்பியவர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது வெற்றிலைத் தட்டம் இல்லை. விசேஷங்களுக்கு வைக்கிற தாம்பூலம் சுவாமித் தட்டோடு சரி. மாமிக்கு அது இலகுவாக இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே போட்டவர். மகனுக்காக விட்டார். முதல் மாதம் ஏலக்காயும் கறுவாப்பட்டையும் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஆறாமல் 2 கிழமைக்கு மேல் நிற்கிற புண்ணையோ வெள்ளை, சிவப்புத் திட்டையோ காட்டாமல் விடக் கூடாது என்பதால், எங்கள் எல்லோரையும் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமிக்கு இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவிடக் கூடிய திட்டும் இல்லை, சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். தாய்க்கும் மகனுக்கும் ஒரே நாளில் திகதி கேட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்தது வருகிற மாதம்.